பிள்ளை மேடையில், நீங்கள் நாற்காலியில்: பள்ளி நாடகம் பார்க்கப் போகும் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

பள்ளி நாடகத்தில் பிள்ளை நடிக்கப்போகிறது என்று தெரிந்ததுமே நம்மில் பலர் உதவி இயக்குநர் ஆகிவிடுகிறோம். குரலை ஏற்றச் சொல்கிறோம், கையை இப்படி வை என்கிறோம், நாடகம் தொடங்கியதும் மொபைலைத் தூக்கிப் பிடித்துக் கேமராமேன் ஆகிறோம். ஆனால் இயக்க ஏற்கெனவே ஒரு டீச்சர் இருக்கிறார். படம் பிடிக்கவும் அநேகமாக யாராவது இருப்பார்கள். ஆள் இல்லாமல் கிடப்பது பார்வையாளர் வேலைதான். உங்கள் பிள்ளையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கண்ணெடுக்காமல் பார்க்க அந்த அரங்கில் வேறு யாருக்கும் தோன்றாது. அந்த வேலையைச் சரியாகச் செய்ய, வேஷம் முடிவாகும் நாளிலிருந்தே கொஞ்சம் ஏற்பாடு தேவைப்படுகிறது.

படி 1: வேஷம் தெரிந்த அன்று

பிள்ளை பையைக் கழற்றும்போதே "எனக்கு மரம் வேஷம்" என்கிறது. உங்கள் முகம் அரை நொடி விழுந்தாலும் அது பார்த்துவிடும். "ஹீரோ யாரு?", "உனக்கு எத்தனை டயலாக்?" என்று ஆரம்பிக்காமல் "கதை என்ன?" என்று கேளுங்கள். முழுக் கதையையும் அதுவே சொல்லட்டும். அந்த மரத்தின் பின்னால் யார் ஒளிந்துகொள்கிறார்கள், மரம் எப்போது அசைகிறது என்று சொல்லிக்கொண்டு வரும்போதே, தான் ஏன் மேடையில் நிற்கிறோம் என்பது அதற்கே பிடிபட்டுவிடும்.

ஆசைப்பட்ட வேஷம் கிடைக்காத வருத்தம் இருந்தால் தத்துவம் சொல்லி மூடாதீர்கள். "நீ ராணி வேஷம் கேட்ட, கிடைக்கல, கஷ்டமாத்தான் இருக்கும்" என்றால் போதும். இரண்டு மூன்று ஒத்திகை போனதும் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். வேஷத்தை மாற்றித் தரச்சொல்லி டீச்சருக்கு போன் போடுவது மட்டும் வேண்டாம். மாற்றிக் கொடுத்தாலும், இன்னொரு பிள்ளையிடமிருந்து பிடுங்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

டீச்சரிடம் கேட்க வேறு விஷயங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் எத்தனை மணிக்கு வர வேண்டும், உடை யார் பொறுப்பு, முழு உடையில் ஒத்திகை என்றைக்கு, வீடியோ எடுக்கலாமா, முடிந்தபின் எந்த வாசலில் கூட்டிக்கொள்வது. ஒரே தடவையில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் கடைசி வாரம் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி மழை பொழிய வேண்டியிருக்காது.

அன்றே இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள். நீங்கள் வர முடியுமா, முடியாதா? "பார்க்கலாம், ட்ரை பண்றேன்" என்ற பதில்தான் இருப்பதிலேயே மோசமானது. பிள்ளை மேடையேறி உங்களைத் தேடிக்கொண்டே இருக்கும். வர முடியாது என்றால் அதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, உங்களுக்குப் பதில் தாத்தாவோ சித்தியோ யார் வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒத்திகை நாளன்று பார்க்க அனுமதி உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம், சில டீச்சர்கள் சம்மதிப்பார்கள்.

படி 2: வசனம்

வீட்டில் நீங்கள் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் இதுதான். பெரும்பாலானவர்கள் கெடுப்பதும் இங்கேதான்.

வழக்கமாக என்ன செய்வோம்? தாளைக் கையில் கொடுத்து "பத்து தடவை படி" என்போம். படித்ததும் மனப்பாடம் ஆன மாதிரி தெரியும், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பாதி இருக்காது. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுகூர்ந்து பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். நாடகம் வருவது சில வாரம் கழித்து. அதனால் ஒரு தடவை படித்ததும் தாளைக் கவிழ்த்துவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். திணறும் இடத்தில் உடனே எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். அந்தத் திணறலில்தான் வசனம் மனசில் பதிகிறது. ஒருநாள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் செய்வதைவிட தினமும் பத்து நிமிடம் செய்வது நிற்கும்.

அடுத்தது, பிள்ளையின் வசனத்தை மட்டும் தனியாகப் படிக்க வைக்காதீர்கள். மேடையில் அது பேசுவது வேறொருவர் பேசி முடித்த பின்புதான். அதனால் முந்தைய வசனத்தின் கடைசி வார்த்தைகளும் சேர்ந்தே மனசில் ஏற வேண்டும். நீங்கள் அரசராக "யார் அங்கே?" என்று கேளுங்கள், பிள்ளை "அரசே, வாசலில் ஒரு முதியவர் நிற்கிறார்" என்று சொல்லட்டும். இரண்டு நாள் கழித்து, நீங்கள் வேண்டுமென்றே வேகமாகக் கேளுங்கள், மெதுவாகக் கேளுங்கள், கேட்க மறந்து சும்மா நில்லுங்கள். மேடையில் அரசர் வேஷம் போடும் பையனும் இதையெல்லாம் செய்வான்.

உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிப் பழகிய வசனம், நடக்க ஆரம்பித்ததும் ஓடிவிடும். டீச்சர் எங்கிருந்து எங்கே நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று கேட்டு, அறையில் அதே மாதிரி நடந்து சொல்லிப் பார்க்கலாம். மைக் இருக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இருக்காது என்றால் பக்கத்து அறையிலிருந்து உங்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்லச் சொல்லுங்கள். "கத்து" என்று சொன்னால் தொண்டைதான் போகும். "சமையலறையில இருக்கற எனக்குச் சொல்லு" என்றால் குரல் தானாக எழும்.

இனி செய்யக் கூடாதது. வசனத்தை நீங்கள் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்காட்டி "இதே மாதிரி சொல்லு" என்று கேட்காதீர்கள். பிள்ளை பொருளை விட்டுவிட்டு உங்கள் ராகத்தை ஒப்பிக்கும். பேச்சுப் போட்டியில் கேட்கும் அந்த இழுவை அப்படித்தான் வருகிறது. அதற்குப் பதில் கேள்வி கேளுங்கள். இந்த சேவகனுக்கு அந்த முதியவர் மேல் பயமா, பரிதாபமா? அரசருக்குக் கோபம் வரும் என்று அவனுக்குத் தெரியுமா? பிள்ளை ஒரு பதில் சொல்லும். அடுத்த தடவை அதே வசனம் வேறு மாதிரி வரும், நீங்கள் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே வரும். ஒருவேளை டீச்சர் வேறு மாதிரி சொல்லச் சொல்லியிருந்தால் டீச்சர் சொன்னதுதான் கடைசி. வீட்டில் ஒரு டைரக்டர், பள்ளியில் ஒரு டைரக்டர் என்று இருந்தால் பிள்ளைதான் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

வசனமே இல்லாத வேஷமா? அதற்கும் பயிற்சி உண்டு. ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பது சாதாரண விஷயமில்லை. மூக்கு அரித்தால் என்ன செய்வது என்பதைக்கூட இருவரும் பேசி முடிவு செய்யலாம்.

படி 3: உடை

உடை வந்ததும் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளை உட்கார்ந்து எழ வேண்டும், குனிய வேண்டும், கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், படியேற வேண்டும். பாவாடையோ வேட்டியோ தரையைத் தொட்டால் மேடைப்படியில் தடுக்கும், கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி மடித்துத் தையுங்கள். புதுச் செருப்பு, ஷூ என்றால் சில நாள் வீட்டில் போட்டு நடக்கட்டும். கண்ணாடி போடும் பிள்ளையாக இருந்தால், அது இல்லாமல் மேடை விளிம்பு தெரிகிறதா என்று டீச்சரிடம் சொல்லி ஒத்திகையிலேயே பார்த்துவிடுங்கள். அரசருக்குக் கண்ணாடி இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது, மேடையிலிருந்து விழாமல் இருப்பது முக்கியம்.

அந்த உடையோடு கழிப்பறை போய்வர முடிகிறதா? இதை யாரும் யோசிப்பதில்லை, நாடகத்தன்று பின்மேடையில் நடக்கும் கண்ணீரில் பாதி இதனால்தான் என்பது என் கணிப்பு.

தாடி, மீசை ஒட்டும் பசையையும் முகச்சாயத்தையும் ஒருநாள் முன்னதாக முழங்கையின் உட்புறம் கொஞ்சமாகத் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் டீச்சரிடம் சொல்லி வேறு வழி பார்க்கலாம். பையில் நாலைந்து ஊக்கு, ஹேர்பின், ஈரத் துணி, மாற்று உடை, எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயர். ஒரே மாதிரி உடை போட்ட இருபது பிள்ளைகள் ஒரே அறையில் மாற்றும்போது பெயர் எழுதாத எதுவும் திரும்பி வராது.

படி 4: அந்த நாள்

காலையிலிருந்து வசனத்தைச் சொல்லச் சொல்லி நச்சரிக்க வேண்டாம். அதுவாகவே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு வழக்கமானதாக, வயிற்றை அடைக்காத அளவு, உடை மாட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

"வயித்துல என்னவோ பண்ணுது" என்று பிள்ளை சொல்லும். "பயப்படாதே, ஒண்ணுமில்லை" என்று நம் வாயில் தானாக வந்துவிடும். ஆனால் படபடக்கும் நெஞ்சை அடங்கச் சொன்னால் அது அடங்குவதில்லை. 2014இல் அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனைகளில், பாடுவதற்கு முன்பு "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர்கள், "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிடப் பிசகில்லாமல் பாடினார்கள். அது பெரியவர்களை வைத்துச் செய்த சோதனை, ஆனாலும் பிள்ளையிடம் பேசும் வழி ஒன்று அதில் கிடைக்கிறது. "ஆமா, நெஞ்சு வேகமா அடிக்கும். உடம்பு ரெடியாகுது, அவ்வளவுதான்" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் குரல் சாதாரணமாக இருப்பது அதைவிட முக்கியம். பிள்ளைக்கு அடிக்கிற நெஞ்சைவிட நமக்கு அடிப்பது பல சமயம் வேகம்.

இன்னொன்றையும் முன்பே சொல்லி வையுங்கள். மேடை விளக்கு கண்ணில் அடிப்பதால் கீழே இருட்டாகத்தான் தெரியும், முதல் இரண்டு வரிசை தாண்டினால் முகம் தெரியாது. இது தெரியாத பிள்ளை, அம்மா வரவில்லை என்றே நினைத்துக்கொள்ளும். "நீ என்னைப் பார்க்க முடியாது, நான் உன்னைப் பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லி அனுப்புங்கள்.

பிள்ளையை டீச்சரிடம் விட்டதும் கிளம்பிவிடுங்கள். பின்மேடையில் சுற்றும் பெற்றோர் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு இருந்தாலும் இடைஞ்சல்தான்.

படி 5: எங்கே உட்காருவது

முதல் வரிசைக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். மேடை உயரமாக இருந்தால் முதல் வரிசையிலிருந்து கால் தெரியாது, பின்னால் நிற்கும் பிள்ளைகளே தெரிய மாட்டார்கள். தவிர அங்கே உட்கார்ந்தால் பிள்ளையின் கண்ணில் நீங்கள் நேராகப் படுவீர்கள், அது கதையை விட்டு உங்களைப் பார்க்க ஆரம்பிக்கும். நான்காவது, ஐந்தாவது வரிசை நல்லது. எந்தப் பக்கம் என்பதைப் பிள்ளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அது "வலது பக்கம் நிப்பேன்" என்றால் உங்களுக்கு அது இடது பக்கம். நாடகக்காரர்கள் எப்போதும் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது இடதைத்தான் சொல்வார்கள், பிள்ளைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இதை யோசிக்காமல் போய், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கழுத்தை வளைக்கும் பெற்றோரை எல்லா விழாவிலும் பார்க்கலாம்.

கைக்குழந்தை கூட இருந்தால் ஓரத்து நாற்காலி. அழுதால் சட்டென்று வெளியே போய் வரலாம்.

படி 6: மொபைல்

லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சுற்றவிட்டு, சில பொருட்களைப் படம் பிடிக்கவும் சிலவற்றைச் சும்மா பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, முழுதாகப் படம் பிடித்த பொருட்களைவிடச் சும்மா பார்த்த பொருட்களே நன்றாக நினைவிலிருந்தன. நாடகம் முழுவதையும் ஐந்து அங்குலத் திரை வழியே பார்த்துவிட்டு வந்தால் நமக்கும் அதே கதிதான்.

ஒன்றுமே எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஊரிலிருக்கும் பாட்டி பார்க்க வேண்டும், நியாயம். பள்ளியே எடுத்துக் கொடுத்தால் அதோடு விடுங்கள். இல்லையென்றால் நான்கைந்து பெற்றோர் பேசி ஒருவர் மட்டும் முழுதாக எடுத்து எல்லோருக்கும் அனுப்பலாம். அதுவும் முடியாதென்றால் உங்கள் பிள்ளை வரும் ஒரே ஒரு காட்சியை, இரண்டு நிமிடம் எடுங்கள், பிறகு பையில் போட்டுவிடுங்கள்.

அந்த இரண்டு நிமிடம் உருப்படியாக வர, முதல் நாளே மொபைலில் இடம் காலி செய்யுங்கள். அரங்கில் ஏர்பிளேன் மோடு போடுங்கள், இல்லாவிட்டால் சரியாக அந்த நேரத்தில்தான் யாராவது கூப்பிடுவார்கள். மொபைலைப் படுக்கவாட்டில் பிடியுங்கள். மேடை வெளிச்சமும் அரங்கு இருட்டும் சேர்ந்தால் கேமரா குழம்பி முகங்களை வெள்ளையாக அடித்துவிடும். திரையில் பிள்ளையின் முகத்தின் மேல் விரலைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பல மொபைல்களில் ஃபோகஸும் வெளிச்சமும் அப்படியே பூட்டிக்கொள்ளும், பிறகு தேவைப்பட்டால் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஃபிளாஷ் எதற்கும் உதவாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடும், ஐந்தாம் வரிசையிலிருந்து அடித்தால் முன்னால் இருப்பவரின் தலைதான் பளிச்சென்று விழும், மேடையில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கண் கூசும்.

படி 7: பார்ப்பது

இப்போது கை சும்மா இருக்கிறது. எதைப் பார்ப்பது?

பிள்ளை பேசும்போது எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அது பேசாதபோது பாருங்கள். மற்றவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிறதா, தன் முறை வரக் காத்திருக்கிறதா? பல பிள்ளைகளுக்கு அடுத்தவர் வசனமும் மனப்பாடமாக இருக்கும், உதடு தானாக அசையும். பாதத்தைப் பாருங்கள். முதல் நிமிடத்தில் ஒட்டி வைத்த மாதிரி இருந்த கால்கள் எந்த இடத்தில் தளர்கின்றன? தடுமாறும் நண்பனை மெதுவாக இடம் பார்த்துத் தள்ளிவிடுகிறதா? அரங்கு சிரிக்கும்போது சிரிப்பு அடங்கும்வரை நிற்கத் தெரிகிறதா? இதையெல்லாம் வீட்டில் பார்க்க முடியாது. இப்படி இரண்டு மூன்றை மனசில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மற்ற பிள்ளைகளையும் பாருங்கள். கதையைப் பின்தொடராமல் உங்கள் பிள்ளை செய்தது நல்லதா இல்லையா என்றே தெரியாது. பிள்ளையின் காட்சி முடிந்ததும் எழுந்து போகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை. கடைசியில் வருகிற பிள்ளைகள் காலி நாற்காலிகளுக்கு நடிக்க வேண்டியதாகிறது.

கூடச் சேர்ந்து உதட்டை அசைக்காதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், கை ஆட்டாதீர்கள். பிள்ளை உங்களைக் கண்டுபிடித்து அதுவே கை ஆட்டினால்? சின்னதாகச் சிரித்துத் தலையசைத்துவிட்டு, மேடையில் யார் பேசுகிறார்களோ அவர்களைப் பாருங்கள். பிள்ளையின் பார்வையும் அநேகமாக அந்தப் பக்கம் போகும்.

படி 8: தடுமாறினால்

வசனம் மறந்து நிற்கிறது. மூன்று நொடிதான் ஆகியிருக்கும், நமக்கு மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். கீழேயிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். திரைக்குப் பக்கத்தில் டீச்சர் தாளோடு நிற்கிறார், அவர் குரலுக்குத்தான் அது பழகியிருக்கிறது, இரண்டு பக்கமிருந்தும் குரல் வந்தால் இரண்டும் கேட்காது. பார்வையாளர்கள் கையில் வசனத்தாள் இல்லை. ஒரு வரி விட்டுப்போனால் அரங்கில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது, உங்கள் முகம் காட்டிக்கொடுத்தால்தான் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

தாடி கழன்று தொங்கினால் அரங்கு சிரிக்கும். பிள்ளையும் சிரித்தால் நீங்களும் சிரிக்கலாம். பிள்ளைக்கு முகம் சுருங்கினால் நீங்கள் சிரிக்காமல் இருப்பது நல்லது. அழுதுவிட்டால் டீச்சர் அழைத்துப் போவார். உங்களைக் கூப்பிட்டு அனுப்பினால் போங்கள், அதுவரை உட்கார்ந்திருங்கள். பலர் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த காட்சிக்கே திரும்பி வந்துவிடுவார்கள், பெற்றோர் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

படி 9: முடிந்தபின்

மேக்கப் பாதி கலைந்த முகத்தோடு ஓடி வரும். "சூப்பர்" என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள், அந்த வார்த்தை அதற்குள் சாயம் போயிருக்கும். குறித்து வைத்ததில் ஒன்றை எடுங்கள். "அந்தத் தாத்தா கீழே விழுந்தப்போ நீ ஓரடி முன்னால வந்துட்டு நின்னியே, எனக்குப் பதறிடுச்சு." இதைச் சொன்னதும் பிள்ளை உங்களை ஒரு மாதிரி பார்க்கும். மரத்துக்கும் சொல்லலாம். "ஒளிஞ்சிருந்தவன் தும்மினப்போ எல்லாரும் சிரிச்சாங்க, நீ மட்டும் அசையவே இல்ல."

பிறகு "ஒரு இடத்துல ஏன் நின்னுட்ட?" என்று கேட்கக் கூடாது. அதுவாக எடுத்தால் பேசலாம். அப்போதும் "யாரும் கவனிக்கலை" என்று பொய் சொல்ல வேண்டாம். நின்றது அதற்கே தெரியும், நீங்கள் பார்க்கவே இல்லை என்றுதான் நினைத்துக்கொள்ளும். "ஆமா, கொஞ்சம் நின்னுச்சு. அப்புறம் எப்படி ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டால் ஒரு கதை வரும். பின்மேடையில் யாருடைய கிரீடம் யாருக்குப் போனது, யார் வாந்தி எடுத்தது என்று பேச்சு நீளும். அந்தக் கதைகள் நாடகத்தைவிடச் சுவாரசியம், குறுக்கிடாமல் கேளுங்கள். நன்றாக நடித்த இன்னொரு பிள்ளையைப் பாராட்டுங்கள், ஆனால் "அவளை மாதிரி நீயும்" என்று வாக்கியத்தை நீட்டாதீர்கள்.

சில பிள்ளைகள் வண்டியில் ஏறியதும் ஒன்றுமே பேசாது, அல்லது ஒன்றுமில்லாததற்கு அழும். பல மணி நேரம் முறுக்கேறியிருந்த உடம்பு, பசி, தூக்கம். வீடியோவைப் போட்டுக் காட்ட அன்று இரவு சரியான நேரம் இல்லை.

மறுநாள்

மற்ற பிள்ளைகள் தெரியும் வீடியோவை அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். உங்கள் பிள்ளை மட்டும் தெரிவதை உறவினர்களுக்கு அனுப்புவதற்குக்கூட அதனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பத்து வயதுக்கு மேல் கட்டாயம் கேளுங்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் "அந்த டயலாக்கைச் சொல்லிக் காட்டு" என்று நடுக்கூடத்தில் நிறுத்த வேண்டாம், அரங்கும் விளக்கும் சேர்ந்து நடிக்கும் நண்பர்களும் இல்லாமல் அது வேறு விஷயம்.

வாடகை உடையைச் சாயக்கறை இருந்தால் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். டீச்சருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். "நன்றி" மட்டும் போதாது, எந்தக் காட்சி, எந்தப் பிள்ளை, என்ன பிடித்தது என்று எழுதுங்கள். அறுபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவருக்கு, உடை பற்றிய புகார்களுக்கு நடுவே அப்படி ஒன்று வருவது அபூர்வம்.